வயதை விடுங்கள், புகையைப் பாருங்கள்!

"பழைய காரா? உடைத்துப் போடு! காற்றைக் கெடுப்பது அதுதான்!" என்று சொல்லுவது சுலபம். சொல்லுகிறவருக்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் மூன்று கை மாறி வந்த காரை, மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கியிருக்கிறானே ஒருவன், அவனுடைய நிலை என்ன? அந்தக் காரைப் பழுது பார்த்துப் பிழைக்கிறாரே தெருமுனை மெக்கானிக், அவருடைய நிலை என்ன? இதை யார் கேட்பது? நாம் கேட்கிறோம்.

2025 ஜூலை 1 அன்று தலைநகர் தில்லியில், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பங்குகளில் எண்ணெய் கிடையாது என்றார்கள். மக்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அந்த ஏற்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. இந்த இரண்டிலும் பார்க்கப்பட்டது வண்டியின் வயது. அதன் புகையை யார் பார்த்தார்கள்?

புகை எங்கிருந்து வருகிறது? கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்த பிறகு, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கணக்கிடுவது ஒரு சிறு கம்ப்யூட்டர். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, அதுதான் அளவு. அந்த அளவு சரியா என்று புகைக்குழாயில் உட்கார்ந்து சேதி சொல்லுவது ஆக்சிஜன் சென்சார். மிச்சம் மீதி நச்சை முறிப்பது கேட்டலிடிக் கன்வர்ட்டர். பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசிய தேனடை அதன் உள்ளே இருக்கிறது. 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தத் தேனடையைப் பாழாக்கும் என்பதால், அதோடு ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது.

இப்போது பாருங்கள். ஓர் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. அல்லது சென்சார் கிழடு தட்டிப் பொய்ச் சேதி சொல்லுகிறது. பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சூடு தாங்காமல் தேனடை உருகி அடைத்துக்கொள்ளுகிறது. சின்னப் பழுதைக் கவனிக்காததால் பெரிய பழுது! இதிலே குற்றவாளி யார்? காரின் வயதா? காலத்தில் மாற்றப்படாத பாகமா?

மாற்றினால் என்ன என்று கேட்கலாம். மாற்ற விட்டால்தானே! பழுது இன்னதென்று காட்டும் ஸ்கேனர் கம்பெனியின் கையில். ஒயரிங் படம் கம்பெனியின் கையில். அசல் பாகமும் கம்பெனியின் கையில். வெளி மெக்கானிக் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. இது நம் கற்பனையா? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது எதற்காக? உதிரி பாகங்களும் கோளாறு காணும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆணையிட்டது எதற்காக? கம்பெனிகள் வழக்கு மன்றங்களை நாடின. ஆண்டுகள் உருண்டன. தெருமுனைப் பட்டறை காத்துக் கிடந்தது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1996 முதல் அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் கோளாறு காண ஒரே மாதிரிச் செருகுவாய் வைக்க வேண்டும் என்று சட்டம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் வாக்காளர்களே வாக்களித்து, பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். முதலாளிகளின் கோட்டையிலேயே இது நடக்கும்போது, இங்கே நடக்கக் கூடாதா?

ஒன்றை மறைக்க மாட்டோம். எவ்வளவு செப்பனிட்டாலும் பழைய கார் இன்றைய புதுக் காருக்கு ஈடாகாது. அடைத்துக்கொண்ட தேனடையை இடித்துக் கொட்டிவிட்டு, வெறும் குழாயை மாட்டி அனுப்பும் பட்டறைகளும் உண்டு. வண்டியைப் பார்க்காமலே புகைச் சான்றிதழ் எழுதித் தருகிறவர்களும் உண்டு. இவர்கள் ஏழையின் நண்பர்கள் அல்லர். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது, சாலையோரக் குடிசையில் தூங்கும் குழந்தைதான். இந்தக் குறுக்கு வழியை நாம் கண்டிக்கிறோம்.

ஆகவே அரசினருக்கு நாம் சொல்லுவது மூன்று. புகையை நாணயமாகச் சோதியுங்கள். தேறாத வண்டியை, புதியதானாலும் பழையதானாலும், சாலையில் விடாதீர்கள். தேறிய வண்டியை வயதைக் காட்டி விரட்டாதீர்கள். பாகமும் ஸ்கேனரும் நியாயமான விலையில் எல்லாப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்யுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மாலை வகுப்பு வைத்து, கார்புரேட்டர் பழகிய கைகளுக்கு இன்ஜெக்டரும் சென்சாரும் கற்றுக்கொடுங்கள்.

காற்று சுத்தமாக வேண்டும், மறுப்பவர் யாருமில்லை. அதற்கு விலையை ஏழை மட்டுமே தர வேண்டும் என்பதைத்தான் நாம் மறுக்கிறோம். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல், கிழவனைக் கட்டையில் வைக்கச் சொல்லுவது வைத்தியமாகாது!