சபரில் மடிக்கணினி: பைக்குள் இருக்கும் பிறர் அமானிதம்

சபர் என்றதும் நம் வீடுகளில் கடவுச்சீட்டு, விசா, மருந்து, ஊறுகாய் என ஒவ்வொன்றும் இரண்டு மூன்று முறை சரிபார்க்கப்படும். மடிக்கணினியோ, கடைசி நேரத்தில் சார்ஜரோடு சேர்த்துப் பைக்குள் திணிக்கப்படும். உறை நல்லதா, பை தடிமனாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு நடுத்தரக் குடும்பங்களிலும் எளிய குடும்பங்களிலும் மடிக்கணினி சாதாரணப் பொருளாயிற்று. கடலூரிலிருந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மாணவி, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் ஆய்வு செய்பவர், சென்னை அல்லது திருச்சி வழியாக வளைகுடா செல்லும் சகோதரர் என அனைவர் தோளிலும் இன்று அது தொங்குகிறது.

அதற்குள் என்ன இருக்கிறது? ஆய்வுக் கட்டுரை இருக்கலாம். குடும்பத்தாரின் ஆதார், சொத்துப் பத்திரங்களின் பிரதிகள் இருக்கலாம். நிக்காஹ் வீட்டில் நம் பெண்கள் தமக்குள் எடுத்துக்கொண்ட படங்கள் இருக்கலாம். பள்ளிவாசல் பைத்துல்மால் கணக்கை எழுதித் தரும் இளைஞரின் கணினியில், ஜகாத் பெற்ற குடும்பங்களின் பெயர்ப் பட்டியலே இருக்கலாம். கணினி தொலைந்தால் போவது நம் பணம். அந்தப் பட்டியல் அந்நியர் கையில் கிடைத்தால் போவது, பிறர் அறியாமல் உதவி பெற்ற ஒரு விதவையின் மானம். முன்னதை உழைத்து ஈடுகட்டலாம். பின்னதற்கு ஈடு இல்லை. அது நம் உடைமையன்று; நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆகவே பயணத்திற்கு முந்தைய முதல் வேலை, தேவையற்றதை வீட்டில் விட்டுச் செல்வது. ஒரு வாரப் பயணத்திற்குப் பத்தாண்டுப் படங்கள் எதற்கு? அவற்றை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கிற்கு மாற்றி, சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னர், கணினியிலிருந்தும் அதன் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். உடன் கொண்டு செல்லும் கோப்புகளுக்கும் பிரதி வேண்டும். அந்தப் பிரதி அதே பையில் இருந்தால் பயனில்லை. பை போனால் இரண்டும் போகும். வீட்டில் மட்டும் இருந்தாலும் போதாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும் 2015 நவம்பரில் பெருவெள்ளத்தையும் கண்ட கடலூர் மாவட்டத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒன்று வீட்டில் உயரமான இடத்தில், மற்றொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பகத்திலோ இருக்கட்டும்.

அடுத்தது பூட்டு. கடவுச்சொல் வைத்திருக்கிறேன் என்று பலர் நிம்மதியாக இருக்கின்றனர். ஆனால் வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தால், குறியாக்கம் செய்யப்படாத கோப்புகள் கடவுச்சொல் இல்லாமலே திறந்துகொள்ளும். விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம், ஆப்பிளில் ஃபைல்வால்ட் ஆகியவை இதைத் தடுக்கும். அவற்றை இயக்கும்போது கிடைக்கும் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். கணினிப் பையில் வைப்பது பூட்டோடு சாவியையும் தொங்கவிடுவதாகும்.

“அல்லாஹ் பாதுகாப்பான், இவ்வளவு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் மேடைதோறும் கேட்கிறோம். நம் காலத்து ஒட்டகங்களுள் இதுவும் ஒன்று.

இதன் பிறகே பொருளின் பாதுகாப்பு. பையில் வைக்குமுன் கணினியை முழுவதுமாக அணைக்க வேண்டும். மூடி மட்டும் வைத்தால் சில வேளைகளில் அது பைக்குள்ளேயே விழித்துச் சூடேறும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியாயின், இயங்கும்போது விழும் அதிர்ச்சியே வட்டைக் கெடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பேருந்தின் தரையில் பையை வைக்காதீர்கள்; உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை போதும், நனையாது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். நனைந்துவிட்டால் சார்ஜரைச் செருகிப் பார்ப்பதும், அரிசி மூட்டையில் புதைப்பதும் வேண்டாம். அணைத்த நிலையிலேயே பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

விமானத்தில் மடிக்கணினியைக் கைப்பையில் வைப்பதே நல்லது. பவர் பேங்க்கும் தனி பேட்டரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை. பவர் பேங்க்கிற்குப் பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்.ஏ.எச். அளவுள்ளது ஏறத்தாழ 74 வாட்-மணி என்பதால் தடையில்லை. கணினியில் ஓரளவு சார்ஜ் இருக்கட்டும். சோதனையில் இயக்கிக் காட்டச் சொல்லலாம்.

வரிசை எண்ணையும் விலைச்சீட்டின் படத்தையும் வீட்டாரிடம் கொடுத்துச் செல்லுங்கள். ரயிலில் தவறவிட்டால் 139 என்ற எண்ணில் உடனே தெரிவிக்கலாம். அதே வேளையில், வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, தொலைந்த கணினியைக் கணக்கிலிருந்து வெளியேற்றிவிட வேண்டும்.

இவை அனைத்தும் இளைஞர்களின் வேலை என்று பெரியவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. கணினி தெரியாத உம்மாவும் வாசலில் நின்று மூன்று கேள்விகள் கேட்கலாம்: வேண்டாததை எடுத்துவிட்டாயா? பிரதி வைத்துவிட்டாயா? பூட்டிவிட்டாயா? பிள்ளைகளை வழியனுப்பும் துஆவோடு இந்த மூன்றும் சேரட்டும். அல்லாஹ் நம் பயணங்களை இலகுவாக்கி, நம்மை நம்பியோரின் அமானிதங்களைக் காக்கும் பொறுப்பையும் தருவானாக.