முளைச்சா மட்டும் போதுமா? நோய் தாங்குமா என்பதை விதை மூட்டையில் எழுது!



கதிர் வர்ற நேரத்தில் நெல் இலை நுனியிலிருந்து ஓரம் ஓரமாக மஞ்சளாகி, வைக்கோலாய்க் காய்ந்துகொண்டே இறங்குகிறது. மழையும் காற்றும் சேர்ந்தால் வயல் விட்டு வயல் பாய்கிறது. இதுதான் பாக்டீரியா இலைக்கருகல் நோய். கடைக்கு ஓடினால் கார்பன்டசிம், மான்கோசெப் என்று பூஞ்சண மருந்தைக் கையில் திணிக்கிறார்கள். பூஞ்சண மருந்து பாக்டீரியாவைக் கொல்லாது! கடன்தான் மிச்சம். சந்தேகமா? கருகத் தொடங்கிய இலையை வெட்டி, வெட்டிய பக்கம் நனைய, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால்போல் கலங்கல் இறங்கினால் பாக்டீரியாதான்.

இதற்கு முதல் மருந்து தாங்கும் ரகமே. எது தாங்கும் என்று அறிவது கம்பசூத்திரமா? கிருமி கலந்த நீரில் கத்தரிக்கோலை நனைத்து இலை நுனியை நறுக்குகிறார்கள். இரண்டு வாரம் கழித்து, கருகல் எவ்வளவு நீளம் இறங்கியது என்று அளக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையங்களில் இந்தச் சோதனை நடக்கத்தான் செய்கிறது. முடிவு யார் கைக்குப் போகிறது? பணம் கொடுத்து விதை வாங்குகிற நம் கைக்கு வருவதில்லை!

சான்று நெல் விதையின் நீல அட்டையைப் பாருங்கள். குறைந்தது 80 சதம் முளைப்பு, 98 சதம் சுத்தம் இருக்க வேண்டும். 1966 விதைச் சட்டம் வற்புறுத்துவது முளைப்பையும் சுத்தத்தையும்தான். நோயைப் பற்றி ஒரு வரி கிடையாது.

முடியாத காரியமா? ஆந்திரா பொன்னி என்று நாம் நடுகிற பி.பி.டி. 5204 இந்த நோய்க்குச் சட்டென்று விழும் ரகம். ஐதராபாத் விஞ்ஞானிகள் அதே ரகத்தில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, 2008-ல் மேம்படுத்திய சம்பா மசூரியை வெளியிட்டார்கள். அரிசி அதே சன்ன அரிசி. டெப்போவில் போய் அந்த விதையைக் கேளுங்கள், என்ன பதில் வருகிறது என்று பார்ப்போம்!

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கிருமியில் பல இனம் உண்டு. ஓர் ஊரில் தாங்கிய ரகம் இன்னோர் ஊரில் விழலாம். எங்கோ செய்த சோதனையை வைத்து நம் வயலுக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. பதிவு பெற்ற ரகம் என்ன பலன் தரும் என்பதை விவசாயிக்குச் சொல்லியே விற்க வேண்டும், சொன்ன பலன் வராவிட்டால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு.

அரசே! நாங்கள் கேட்பது சலுகை அல்ல, உரிமை!

* நம் வட்டாரத்துக் கருகிய இலையிலிருந்து எடுத்த கிருமியை வைத்து ரகங்களைச் சோதனை செய்!
* தாங்கும், ஓரளவு தாங்கும், தாங்காது என்று ஒவ்வொரு விதை மூட்டையிலும் தமிழில் அச்சிடு!
* நாற்று விடும் முன்பே முடிவுகளை ஊராட்சிப் பலகையில் ஒட்டு!
* தாங்கும் ரக விதையைச் சம்பாவுக்கு முன் டெப்போவில் இருப்பு வை!

விவசாயிகளே! விதை வாங்கும்போது "இலைக்கருகலைத் தாங்குமா?" என்று கேளுங்கள். ரசீதையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!