பாட்டி சாவுக்கு வராத பேரன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் அம்பத்தூர் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணவனின் தாயார் காலமாகிவிட்டார். அவன் அமெரிக்காவிலிருந்து ஓடி வந்திருந்தான். பாட்டி தூக்கி வளர்த்த பேரன் மட்டும் வரவில்லை. "பரீட்சை" என்றார்கள். வந்தவர்கள் விடுவார்களா? "பாசமே அத்துப்போச்சு", "அங்கேயே எவளையோ கட்டிக்கிட்டான் போல" என்று ஆளுக்கொன்று பேசினார்கள். அப்போது நானும் அந்தப் பையனைத் தப்பாகத்தான் நினைத்தேன்.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் அவன் என்னிடம் உடைந்துவிட்டான். "பரீட்சையெல்லாம் இல்ல சார். அவனுக்கு விசா கெடு முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப வெளியே வந்தா பத்து வருஷம் உள்ளே விடமாட்டாங்க."

"நீதான் கிரீன் கார்டு வாங்கிட்டியேப்பா, பையனுக்கு ஸ்பான்சர் பண்ணக்கூடாதா?" என்றேன். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். அது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவன் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

பையன் சின்ன வயதில் அப்பாவின் எச்-1பி விசாவை ஒட்டிப் போனவன். அந்தச் சலுகை 21 வயது வரைதான். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை மிக நீளம். அப்பாவுக்குக் கார்டு வருவதற்குள் பையனுக்கு வயது தாண்டிவிட்டது. வேறு விசாவுக்கு மாறத் தவறிவிட்டான். ஐ-94 என்று ஒரு பதிவு உண்டு. எந்தத் தேதி வரை தங்கலாம் என்பதை அதுதான் சொல்லும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை அல்ல. அந்தத் தேதியும் கடந்துவிட்டது.

குடியுரிமை பெற்ற அப்பா அம்மா, மணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மனு போட்டால் வரிசை கிடையாது. முறைப்படி விசாவில் நுழைந்த பிள்ளை என்றால், கெடு தாண்டியதையும் பெரும்பாலும் மன்னித்து அங்கேயே கார்டு தருவார்கள். 21 தாண்டிவிட்டால் இரண்டும் போச்சு. பல ஆண்டுகள் வரிசையில் நிற்க வேண்டும். மனு போட்டால் வரிசையில் ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அங்கே தங்க அனுமதி கிடைக்காது, பழைய தப்பும் அழியாது.

முறை வரும்போது விசா வாங்க ஊருக்கு வந்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான். 1996-இல் கொண்டுவந்த சட்டப்படி, 18 வயதுக்குப் பிறகு 180 நாளுக்கு மேல் அனுமதியில்லாமல் இருந்துவிட்டு வெளியேறினால் 3 ஆண்டு தடை. ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. வெளியேறினால்தான் இந்தத் தண்டனை என்றால், எவன் வெளியேறுவான்? ஒளிந்துகொண்டே இருப்பான். தப்பைத் திருத்திக்கொள்ள வருகிறவனைப் பிடித்து அடிக்கிற சட்டம் இது என்பது என் கருத்து.

ஒரே ஒரு சன்னல் திறந்திருக்கிறது. மகன் இல்லாவிட்டால் பெற்றவருக்கு மிகக் கடுமையான இன்னல் வரும் என்று நிரூபித்தால் தடையிலிருந்து விலக்குக் கேட்கலாம். பிரிவுத் துயரம் மட்டும் போதாது. மருத்துவம், வருமானம் என்று ஆதாரம் வேண்டும்.

இன்னொன்று. "ஊர்ல பொண்ணு பார்த்து முடிச்சுடு, எல்லாம் சரியாகும்" என்று துக்க வீட்டிலேயே ஒரு பெரியவர் யோசனை சொன்னார். கிரீன் கார்டு மட்டும் உள்ள பெற்றோர் போட்ட மனு, பிள்ளைக்குத் தாலி கட்டு நடந்த அன்றே செத்துப்போகும். அது அவருக்குத் தெரியாது.

ஆனால் சட்டத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெடு முடிந்த முதல் மாதமே அந்தப் பையன் ஊர் திரும்பியிருந்தால் 3 ஆண்டுத் தடையும் இல்லை, 10 ஆண்டுத் தடையும் இல்லை. இங்கே இருந்தபடியே வரிசையில் நின்றிருக்கலாம். ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் என்னன்னு கேட்பாங்களே சார்" என்றான்.

அந்த 'எல்லாரும்' நாம்தான். டன்லப்பிலும் டி.ஐ. சைக்கிளிலும் ஆவடி டாங்க் ஃபேக்டரியிலும் ஷிப்ட் பார்த்த அப்பாக்கள் பிள்ளைகளை அமெரிக்கா அனுப்பினார்கள். அதில் நமக்குப் பெருமை, நியாயம்தான். ஆனால் திரும்பி வந்தவன் தோற்றவன் என்றும் நாமே எழுதி வைத்துவிட்டோம். அந்தப் பயத்தில் ஒரு குடும்பம் 180 நாளையும் மூடி மறைத்தே கழித்துவிட்டது. பாட்டி முகத்தைப் பேரன் செல்போனில் பார்த்தான்.

அங்கே இருக்கும் என் பிள்ளைகளே, இன்றைக்கே உங்கள் மகன், மகளின் ஐ-94 தேதியைப் பாருங்கள். 21 நெருங்குகிறது என்றால் இப்போதே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு நாள் கணக்கு வேறு மாதிரி, அதையும் கேளுங்கள். கெடு ஏற்கெனவே தாண்டியிருந்தால் ஆலோசனை இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

இங்கே இருக்கும் உறவுகளே, யாராவது பிள்ளை திடீரென்று ஊர் திரும்பினால், "ஏன் வந்தே?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்