ஆலோசகர் இன்னொரு மண்டோரா?

துரை சொன்னார், கிராணி எழுதினார், மண்டோர் விரட்டினார், நாம் வெட்டினோம். "ஏன்?" என்று கேட்கும் வழக்கம் பெரட்டுக் களத்தில் இருந்ததில்லை. 1957 ஆகஸ்டு 31இல் நாடு சுதந்திரம் பெற்றது. மக்களாட்சி நாட்டில் சர்க்கார் அனுப்பும் ரப்பர் ஆலோசகரும் அதே குரலில் பேசலாமா?

அவர்கள் செய்த நன்மையை நாம் மறுக்கவில்லை. 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சிறுதோட்டக்காரர்களுக்கும் ஆலோசகர்களை அனுப்பியது. 1950களில் மறுநடவு மானியம் வந்தது. கிழட்டு மரங்கள் போய், அதிகப் பால் தரும் இனங்கள் வேரூன்றின. ஆனால் மானியம் தவணை தவணையாக, சோதனைக்குப் பின்பே கிடைத்தது. சோதிப்பவரே சொல்லித்தருபவருமானால் என்ன நடக்கும்? கன்றில் வெள்ளை வேர் நோய் கண்டவர், தவணை போய்விடுமோ என்று அஞ்சி அதை மறைக்கத்தானே பார்ப்பார்? மறைத்த நோய் பக்கத்து மரத்துக்கும் பரவும்.

அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலையும் லயமும் இழந்து நம்மவர் நின்றனர். சுங்கை சிப்புட் தந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கிய தொழிலாளி, தோட்டத்துக்குப் பங்காளியானான்.

நிலம் மட்டும் போதுமா? விடியுமுன் வெட்டினால் பால் அதிகம் வடியும், கத்தி கட்டைவரை இறங்கினால் பட்டை புண்ணாகும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம், அதை அளப்பது எப்படி, அன்றைய விலைக்கு நமக்குச் சேரவேண்டியது எவ்வளவு? நமக்கு மறைக்கப்பட்டது இந்தக் கணக்குத்தான். இதைச் சொல்லித்தருபவரே உண்மையான ஆலோசகர். கணக்கறிந்த கிராணித் தோழர்களுக்கும் இதில் கடமை உண்டு.

இன்றும் பேராக்கில் பிறர் நிலத்தில் பங்குக்குப் பால் வெட்டுவோர் இருக்கின்றனர். கிராண்டில் பெயர் உள்ளவரைத் தேடிப் போகும் ஆலோசனை, கத்தி பிடித்தவர் வீட்டுக்கும் வரவேண்டாமா? மரத்தைக் காப்பதும் கெடுப்பதும் அந்தக் கைதானே!

ஆகவே நாம் கேட்பது மூன்று. சோதிப்பவர் வேறு, கற்பிப்பவர் வேறாக இருக்கட்டும். வெட்டுபவரின் மொழியில் பேசட்டும். பேசுமுன், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கட்டும்.

உத்தரவு போட மண்டோர் போதும். சுதந்திர நாட்டுக்குத் தேவை தோழர்.