பெயர் சொல்லி அழைப்போம்



பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். "என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான், சாதி மதம் பார்ப்பதில்லை" என்பார்கள். பலர் மனமாரச் சொல்வதுதான். ஆனால் அதே வகுப்பில் முருகன் முருகனாகவே இருக்க, காதர் மைதீன் மட்டும் 'பாய்' ஆகிவிடுகிறான். கேலி செய்யும் நோக்கம் ஆசிரியருக்கு இல்லாமலிருக்கலாம். எனினும் அந்த ஒரு சொல்லில் வகுப்பே ஒரு பாடம் படித்துவிடுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்களில் அவருடன் பயின்றவர்களும் இருந்தனர். அதையடுத்து நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்னும் பரிந்துரைகள் ஊரெல்லாம் பேசப்பட்டன. ஆசிரியரைப் பற்றியும் அதில் உண்டு. சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கலாகாது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கலாகாது. ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டமே திருத்தப்பட வேண்டும் என்கிறது.

கயிற்றை அறுத்துவிடலாம். நாவில் ஊறிய சொல்லை என்ன செய்வது?

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துவிட்டார்கள். அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் எஞ்சியிருக்கிறதே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. பெருமானாரின் அருமைத் தோழரிடமே அந்த மிச்சம் இருந்தது! அவர்கள் மறுக்கவில்லை. பின்னாளில் தாம் உடுத்திய உடையைப் போன்றதையே தம் பணியாளுக்கும் உடுத்தினார்கள்.

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளில் பிற சமயப் பிள்ளைகளும் பயில்கிறார்கள். அங்கே அவர்கள் எவ்வாறு அழைக்கப்படுகிறார்கள்? நிர்வாகக் குழுவில் இதைக் கேட்டவர் உண்டா?

அவ்வளவு தூரம் போவானேன்? பிற சமயத்தாரைத் 'தமிழாட்கள்' என்று சொல்லும் வழக்கம் நம் ஊர்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. தாய்மொழி தமிழாகவே இருக்க, நம்மை நாமே வெளியே நிறுத்திக்கொள்கிறோம்! பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டேதான் புத்தகப் பையை எடுக்கிறான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை விசாரிக்குமுன், "என் மகனைப் பெயர் சொல்லி அழையுங்கள் ஐயா" என்று ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அன்று மாலை வீடு திரும்பியதும், பக்கத்து இருக்கைப் பையனின் பெயரை உங்கள் மகனிடம் கேளுங்கள்.