மணிக்கட்டில் ஒரு பட்டை... மூளை நோயைக் கண்காணிக்குமா? பார்கின்சன் சென்சார்கள் பற்றி முழு விளக்கம்

பார்கின்சன் நோயாளி ஒருவர் காலை 10 மணிக்கு நன்றாக நடப்பார். மதியம் 1 மணிக்கு நாற்காலியை விட்டு எழவே முடியாது. அடுத்த மாத்திரை போட்டு கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நடப்பார். ஆனால் டாக்டர் அவரைப் பார்ப்பது சில மாதங்களுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் கை நடுங்கவில்லை என்றால், "நல்லாதானே இருக்கீங்க" என்று பழைய மருந்தே தொடரும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் உடலில் அணியும் சென்சார்கள் வந்திருக்கின்றன.

நோயில் என்ன நடக்கிறது?

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதால் வருவது பார்கின்சன், அதாவது நடுக்குவாதம். அசைவு மெதுவாகும், தசை விறைக்கும், சும்மா வைத்திருக்கும் கை விநாடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-ல் உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் இருந்தது.

முக்கிய மருந்து லெவோடோபா. ஆண்டுகள் போகப் போக ஒரு மாத்திரையின் பலன் நிற்கும் நேரம் குறையும். அளவு கூடினால் உடல் தானாக நெளியத் தொடங்கும். அதனால் எத்தனை மணிக்கு, எவ்வளவு மருந்து என்பதுதான் சிகிச்சையின் உயிர்நாடி.

சென்சார் எப்படி வேலை செய்கிறது?

செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறது அல்லவா? அதற்கு உதவும் முடுக்கமானிதான் இதிலும் இருக்கிறது. நடுக்கத்தின் தாளத்தை வைத்து, அது நோயின் அசைவா, காய்கறி நறுக்கும் அசைவா என்று மென்பொருள் பிரித்துப் பார்க்கும்.

அடுத்த கட்டம், தோலில் ஒட்டும் வளையும் பட்டைகள். மிக மெல்லிய சிலிக்கானை, பாம்புபோல் நெளிந்த உலோக இழைகளால் இணைத்து, ரப்பர் போன்ற படலத்தில் பதிக்கிறார்கள். தோல் இழுபட்டால் பட்டையும் சேர்ந்து இழுபடும். 2019-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வியர்வையில் லெவோடோபாவின் அளவைக் கணிக்கும் பட்டையையே உருவாக்கிக் காட்டினார்கள்.

மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டதா?

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, 2023 ஜனவரியில் இப்படிப்பட்ட 5 கருவிகளுக்குப் பரிந்துரை அளித்தது. கூடவே ஒரு நிபந்தனை: பலன் குறித்த கூடுதல் ஆதாரங்களைத் திரட்ட வேண்டும்.

நோய் வருமுன்பே சொல்லுமா?

அதே ஆண்டு கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், யுகே பயோபேங்க் திட்டத்தில் ஒரு வாரம் மணிக்கட்டுக் கருவி அணிந்த 1,03,712 பேரின் தரவை அலசினார்கள். பின்னாளில் பார்கின்சன் உறுதியானவர்களின் அசைவு வேகம், அதற்கு 7 ஆண்டுகள் முன்பு வரைகூட குறைந்திருந்தது தெரியவந்தது.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

இந்த நோயைத் தடுத்து நிறுத்த நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. 7 ஆண்டுகள் முன்பே தெரிந்துகொண்டு ஒருவர் என்ன செய்வார்? புதிய மருந்துகளைச் சோதிக்க ஆரம்ப நிலையில் உள்ளவர்களைக் கண்டறிய இது உதவும். ஆனால் எச்சரிக்கை தவறாக இருந்தால், நோயே இல்லாதவர் பல ஆண்டுகள் பயத்தோடு வாழ வேண்டிவரும். அந்தத் தரவு காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ போனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது.

இன்னொன்று, மணிக்கட்டில் கட்டிய சென்சார் மூளையைப் பார்ப்பதில்லை, அசைவை மட்டுமே பார்க்கிறது. அசைவு குறைய மூட்டுவலி, மனச்சோர்வு என வேறு காரணங்களும் இருக்கலாம்.

ஆக, ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்குத்தான் இப்போதைக்கு நேரடிப் பயன். அவர்களின் மதியம் 1 மணி அவஸ்தை இனி டாக்டரின் மேசைக்கும் போகும். அதற்காக, கருவி காட்டும் எண்ணை நம்பி மாத்திரையை நாமே கூட்டுவதோ நிறுத்துவதோ கூடாது. அந்த முடிவு நரம்பியல் மருத்துவருடையது.