கூலர் நின்ற பிறகு

தில்லி சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் நடக்கும் சிறுகதை ஒன்றை இளம் எழுத்தாளர் ஒருவர் படிக்கக் கொடுத்தார். இரண்டு அறை குவார்ட்டர்ஸ். புதுசாகக் கல்யாணமானவர்கள். கும்பகோணத்திலிருந்து வந்த மாமனாரும் மாமியாரும் முன்னறையில் படுத்திருக்கிறார்கள். ஜூன் மாத இரவு. ஜன்னலில் கூலர் பேயாக இரைகிறது. அந்த இரைச்சலை நம்பித்தான் இவர்கள் நெருங்குகிறார்கள். திடீரென்று கரண்ட் போய்விடுகிறது. முன்னறையில் மாமனார் இருமுவது தலைமாட்டில் இருமுவதுபோலக் கேட்கிறது.

இந்த இடத்துக்கு அவர் கொடுத்தது இரண்டே வரி. அதற்கு முன்னால் ஒன்றரைப் பக்கம் உடல் வர்ணனை. அதை வெட்டி வேறு எந்தக் கதையிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

“கூலர் நின்ற பிறகு என்ன நடந்தது, அதை எழுதுங்கம்மா” என்றேன்.

“அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்கலையே, சார்?”

நடந்திருக்கும். அவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டானா? அவள் சிரிப்பை அடக்கத் தலையணையில் முகம் புதைத்தாளா? அவன் விலகிய வேகத்தில் அவளுக்கு மனசு விட்டுப்போனதா? புருஷனிடம் அவளுக்கு எவ்வளவு உரிமை என்பது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அது தெரியாதவரை வர்ணனைக்கு அங்கே வேலையில்லை.

தி. ஜானகிராமன் ‘மோகமுள்’ளில் யமுனாமேல் பாபுவுக்கு இருக்கும் ஏக்கத்தை நாவல் முழுக்க வளர்க்கிறார். கூடல் வரும்போதோ சில வரிகளில் தாண்டிவிடுகிறார். அதன் பிறகு யமுனா கேட்கும் ஒரு சின்னக் கேள்வி, பாபு அத்தனை வருஷம் சுமந்ததையெல்லாம் எடைபோட்டுப் பார்த்துவிடுகிறது. தில்லியிலேயே வளர்ந்த ஆதவன் வேறு வழி போனார். ‘என் பெயர் ராமசேஷ’னின் நாயகன் ஒரு பெண்ணின் அருகில் இருக்கும்போதும் தன்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். தொட்டும் தனியாக இருப்பவன். தில்லித் தமிழ் இளைஞனை இவ்வளவு உள்ளே போய் எழுதியவர் வேறு யாருமில்லை என்பது என் கட்சி.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளம்பிய எதிர்ப்பு முழுவதும், பிள்ளையில்லாத பெண் முகம் தெரியாத ஆணோடு சேரலாம் என்று நாவல் சொல்லும் தேர்த் திருவிழாவின் ஓர் இரவைப் பற்றியது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது, நிம்மதியாக இருந்தது. ஆனால் அத்தனை கூச்சலில் நாவலின் தம்பதியான காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த ஆசையைப் பேச ஆளில்லாமல் போயிற்று. பிள்ளையில்லை என்று ஊர் குத்திக்காட்ட, மாடு கட்டும் தொண்டுப்பட்டியில் அவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் பக்கங்களில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. அந்த ஆசையை நம்பியவருக்குத்தான் திருவிழா இரவு வலிக்கும். எழுத வருகிறவர்கள் திருவிழாவுக்குத் தாவாமல் அந்தப் பக்கங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். கூலர் கதை எழுதியவரிடமும் அந்த நாவலைத்தான் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.